வாழ்க என்றால் திறக்கும் கதவு

ஒரு காட்டில் எல்லாருடைய கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருந்தது. அதனால் எல்லாருடைய பொந்தும் திருடு போனது. நடந்த தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு யார் என்ன செய்தார்கள் என்பது.

காட்டு நடுவில் ஓர் ஆலமரம். கிழடு. உடம்பெல்லாம் பொந்து. கோடை வந்தால் அந்தக் காட்டில் மண் பாறையாகிவிடும். தோண்டினால் நகம்தான் உடையும். அதனால் மழை முடிவதற்குள் ஆளுக்கொரு பொந்தில் தீனி சேர்த்து வைத்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் பொந்து வாயில் ஒரு கல்லை உருட்டி வைத்தால் போதும். பிறகு நவீனம் வந்தது. பொந்துக்குப் பொந்து பேசும் கதவு போட்டார்கள். கதவில் காது மாதிரி ஓர் ஓட்டை. அதில் வாயை வைத்துக் கடவுச்சொல்லைச் சொன்னால் திறக்கும். தப்பாகச் சொன்னால் ‘மன்னிக்கவும்’ என்று சொல்லும். சொல்லுமே தவிர மன்னிக்காது.

கதவை யார் செய்தார்கள், மின்சாரம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேட்காதீர்கள். சிங்கம் பேசுவதை நம்புகிறவர் கதவு பேசுவதையும் நம்பலாம்.

திறப்புவிழாவுக்கு ராஜா வந்தார். சிங்கம். பெயர் உக்கிரசேனர். வெறும் பெயரைச் சொன்னால் பிடிக்காது. ‘கர்ஜனைச் செம்மல் உக்கிரசேனர்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். ரிப்பனைக் கடித்துத் துண்டாக்கினார். அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. போகவில்லை. ஒவ்வொரு மிருகமும் கடவுச்சொல்லைப் பதியும்போது பக்கத்தில் நின்று புகைப்படத்துக்குச் சிரித்தார்.

முதலில் வந்தது புள்ளிமான். ஓட்டையில் வாயை வைத்தது. கழுத்துப் பக்கம் ராஜாவின் மூச்சு சுட்டது. அந்தக் காட்டில் யார் எதை ஆரம்பித்தாலும் ‘மகாராஜா வாழ்க’ என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். கல்யாணம், கருமாதி, புற்று இடிப்பது, எல்லாவற்றுக்கும் அதுதான். மானின் வாயிலும் அதுதான் வந்தது. கதவு பதிந்துகொண்டது.

அடுத்து நின்றது காட்டுப்பன்றி. மான் வாழ்க என்று வைத்திருக்கிறது. நாம் வேறு ஏதாவது வைத்தால் என்ன நினைப்பார்கள்? பன்றியும் வாழ்க என்றது. அதற்குப் பின்னால் கரடி. அதற்குப் பின்னால் மரநாய். கடைசி எலி வரைக்கும் அதேதான். எல்லாரும் முடித்த பிறகு ராஜாவும் தன் பொந்துக்கு அதையே வைத்தார். மனசார வைத்தது அவர் ஒருவர்தான்.

தாண்டவன் என்று ஒரு கருங்குரங்கு இருந்தான். தோண்டத் தெரியாது, சேர்க்கத் தெரியாது. ஆனால் அன்றைக்கு மரத்து மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பதற்குக் கூலி கிடையாது என்று யார் சொன்னது?

மறுநாள் பட்டப்பகலில் இறங்கி வந்தான். கரடியின் பொந்தில் வாயை வைத்தான்.

“மகாராஜா வாழ்க!”

கதவு திறந்தது. தேனடையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மரத்தடியில் காவலுக்கு நின்றது யானை மலையப்பன். தும்பிக்கையைத் தூக்கி அவனுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

கரடி வந்து குதித்தது. “ஏண்ணே, பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?”

“பாத்தேன்.”

“பிடிக்க வேண்டியதுதானே?”

“எப்படிப்பா பிடிக்கிறது? மகாராஜா வாழ்கன்னு சத்தமா சொன்னான். வாழ்கன்னு சொன்னவனை நான் பிடிச்சா, நாளைக்கு என்னைப் பிடிப்பாங்க.”

கரடி யோசித்தது. நியாயமாகத்தான் பட்டது. வெறும் கையோடு போய்விட்டது.

இப்படியே போனது. மானின் நெற்று, பன்றியின் வேர், அணிலின் கொட்டை. யாரும் கடவுச்சொல்லை மாற்றவில்லை. மாற்றுவது சுலபம்தான். ஆனால் வாழ்க என்பதை எடுத்துவிட்டேன் என்று நாலு பேருக்குத் தெரிந்தால்? ‘ஏன் எடுத்தே? அந்தச் சொல்லுல உனக்கு என்ன குறை?’ என்று கேட்டால்? கிழங்கு போனால் பட்டினி. இது போனால் தோல் போகும்.

இந்தக் கூட்டத்தில் காத்தாயி என்று ஒரு முள்ளம்பன்றி. அவளுக்கு இரண்டு குட்டிகள். அவள் பொந்து அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை காலியானது. காட்டுக்கு வெளியே மனிதர்களின் மரவள்ளித் தோட்டம் இருக்கிறது. கிழங்கு கொட்டிக் கிடக்கும். ஊடே ஊடே மருந்து வைத்த வெடிகாயும் கிடக்கும்; கடித்தால் வாய் இருக்காது. அவள் புருஷன் போன கோடையில் பசி தாங்காமல் அங்கே போனவன்தான். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. நாமும் விட்டுவிடுவோம்.

காத்தாயி தர்பாருக்குப் போனாள்.

“மகாராஜா வாழ்க. ரெண்டு தடவை திருடு போயிருச்சு, மகாராஜா வாழ்க. இன்னொரு தடவை போனா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மரவள்ளித் தோட்டத்துக்குத்தான் போகணும், மகாராஜா வாழ்க.”

“போயேன். யார் தடுத்தா?” என்றார் ராஜா.

“நான் மட்டும் இல்லீங்க. மான் கூட்டம், பன்னிக் கூட்டம், எல்லாரும் அதான் பேசிக்கிறாங்க.”

ராஜா கொட்டாவி விட்டார். மந்திரி கழுதைப்புலி அவர் காதில் குனிந்து சொன்னது: “அடுத்த மாசம் உங்க பிறந்தநாள் விழா. எல்லாரும் போயிட்டா பந்தல்ல யார் உக்காருவாங்க?”

கொட்டாவி பாதியில் நின்றது. ஆளில்லாத பந்தலில் மேடை போட்டு உட்காருவதை ராஜா நினைத்துப் பார்த்தார்.

“யாராச்சும் படிச்சவங்களைக் கூப்பிடு” என்றார்.

படித்தவள் என்று அந்தக் காட்டில் இருந்தது மரகதம் என்கிற முயல். ஊர்ப்பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தின் வேலிக்கடியில் கொஞ்ச காலம் வளை தோண்டிக் குடியிருந்தவள். ஜன்னல் திறந்தே இருந்தது. காதும் பெரிது. பாடமெல்லாம் உள்ளே போய்விட்டது.

“நீ என்ன படிச்சே?” என்றார் ராஜா.

“மெல்லத் தூண்டுறது, மகாராஜா.”

“அப்படின்னா?”

“நல்லதைச் செய்யறதுக்கு வழியைச் சுலபமாக்கி வைக்கிறது. மிரட்டக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. என்ன பண்றோம்ங்கறதை மறைக்கக் கூடாது. வேண்டாம்னு சொன்னா விட்டுடணும்.”

ராஜா மந்திரியைப் பார்த்தார். “மிரட்டாம, பொய் சொல்லாம, மறைக்காம. இதை வெச்சுக்கிட்டு ஒரு காட்டுல என்னய்யா பண்ண முடியும்?”

மந்திரி சிரித்தது. அது எதற்கும் சிரிக்கும். வாயமைப்பு அப்படி.

“சரி, பண்ணு. ஒரே நிபந்தனை. வாழ்கங்கற சொல் தப்புன்னு நீ எங்கேயும் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன் மகாராஜா. அது நல்ல சொல்தான். கதவுக்குத்தான் ஆகாது.”

ராஜாவுக்குப் புரியவில்லை. புரியாததால் சரி என்றார்.

மரகதம் முதலில் மின்மினிகளைக் கூட்டி வந்தாள். அந்த ஆலமரத்தடி நடுப்பகலிலும் இருட்டு, மின்மினிக்கு வசதி. கதவுக்குக் கதவு ஒரு கூட்டம் உட்கார வேண்டியது. கடவுச்சொல் பலமாக இருந்தால் எல்லாம் எரியும். சுமாராக இருந்தால் பாதி எரியும். கண்டுபிடிக்கச் சுலபமாக இருந்தால் ஒன்று மட்டும். பார்க்கிறவர்கள் பார்த்துத் தாங்களாகவே திருந்திக்கொள்ளட்டும்.

மரம் முழுக்க ஒவ்வொரு கதவிலும் ஒற்றை மின்மினி எரிந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

ராஜா பார்வையிட வந்தார். தன் பொந்துக்கு மேலே பார்த்தார்.

“ஏ முயலே, என்ன இது? என் வாழ்த்துக்கு ஒத்தைப் பூச்சியா?”

“அதுவும் விட்டு விட்டுத்தான் எரியுது, மகாராஜா” என்றாள் மரகதம். பொய் சொல்லக் கூடாது என்பது அவள் வைத்துக்கொண்ட விதி. சில பேருக்கு இந்த மாதிரி வியாதி உண்டு.

மந்திரி மின்மினிகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது. என்ன பேசியதோ, மறுநாள் வாழ்க என்று வைத்த கதவிலெல்லாம் தேர்த்திருவிழா மாதிரி வெளிச்சம். எல்லாருக்கும் சந்தோஷம். நம் கடவுச்சொல் இவ்வளவு பலமா என்று கரடி தட்டாமாலை சுற்றியது. தாண்டவனும் வந்தான். “நேத்து வரைக்கும் உள்ளே இருட்டா இருந்துச்சு. இப்பத்தான் எது நல்ல பழம்னு தெரியுது” என்று மரகதத்துக்கு நன்றி சொல்லிவிட்டுப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனான்.

மரகதம் மின்மினிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பொய்யாக எரிவதைவிட இருட்டு மேல்.

அடுத்து ஒரு பலகை வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று தெரிந்தால் நாமும் செய்வோம் அல்லவா? அதற்காக.

“‘உங்கள் அண்டை வீட்டார் அனைவரும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டனர்’னு எழுது. எல்லாரும் ஓடி வந்து மாத்துவாங்க” என்றது மந்திரி.

“யாரும் மாத்தலையே.”

“எழுதினா மாத்துவாங்க. அப்புறம் அது உண்மையாயிடும்.”

“உண்மையான பிறகு எழுதறேன்” என்றாள் மரகதம். அன்றைய உண்மையை எழுதி வைத்தாள்: ‘இதுவரை யாரும் கடவுச்சொல்லை மாற்றவில்லை.’

எல்லாரும் வந்து படித்தார்கள். எல்லாருக்கும் நிம்மதி. மாற்றலாமா என்று ரகசியமாக யோசித்துக்கொண்டிருந்த மரநாய் கூட, நல்லவேளை என்று மார்பைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனது.

மூன்றாவதாக, கதவையே ஒரு சொல் எடுத்துக் கொடுக்க வைத்தாள். யோசிக்கச் சோம்பலாக இருப்பவர்கள் அதையே வாங்கிக்கொள்ளலாம். வேண்டாதவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். வாங்கிக்கொள்ள வந்தது காத்தாயி மட்டும்தான். கதவு அவளுக்குக் கொடுத்தது இது: ‘நனைந்த மூங்கில், கோபக்கார நண்டு, இடதுகால் மேகம், பாதி வெண்டைக்காய்.’

“இது என்ன தாயி, ஜுரம் வந்தவன் உளறுன மாதிரி இருக்கு?” என்றாள் காத்தாயி மரகதத்திடம்.

“அதனாலதான் யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுக்கா.”

“என்னாலயே முடியாது போலிருக்கே.”

மறுநாள் கிழங்கு எடுக்க வந்தாள். இரண்டு குட்டிகளும் கூட வந்தன. ஓட்டையில் வாயை வைத்தாள்.

“நனைந்த நண்டு, கோபக்கார மூங்கில்...”

“மன்னிக்கவும்” என்றது கதவு.

“கோபக்கார மேகம்...”

“மன்னிக்கவும்.”

“வெண்டைக்காய்னு ஒண்ணு வந்துச்சேக்கா” என்றது வரிசையில் பின்னால் நின்ற கரடி. முந்தின நாள் அவள் மனப்பாடம் பண்ணியது ஊருக்கே கேட்டிருந்தது. “முழு வெண்டைக்காய் இல்ல, பாதி” என்றது பன்றி. “மேகத்துக்கு எந்தக் கால்? வலதுதானே?” என்றது மான். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கதவு எல்லாருக்கும் மன்னிக்கவும் என்றது. அதற்குப் பொறுமை உண்டு, இதயம்தான் இல்லை.

கடைசியில் கதவே கேட்டது: “மறந்துவிட்டீர்களா? உங்கள் தாயார் பெயர் என்ன?”

“செங்காத்தா!” என்று வரிசையே ஒரே குரலில் கத்தியது.

கதவு திறந்தது. காத்தாயி அங்கேயே அந்த வெண்டைக்காயை எடுத்துவிட்டுப் பழையபடி ‘மகாராஜா வாழ்க’ என்று வைத்தாள். பொழுது சாய்வதற்குள் தாண்டவன் வந்து துடைத்து எடுத்துப் போனான். நாக்கு அரிக்கிற காட்டுக்கருணையை மட்டும் விட்டு வைத்தான். அவனுக்கும் நாக்கு இருக்கிறது.

விஷயம் தெரிந்ததும் காத்தாயி அழவில்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்து அந்தக் கருணைக் கிழங்கைப் பொறுக்க ஆரம்பித்தாள். மரகதம் பக்கத்தில் வந்து நின்றாள். மலையப்பன் வழக்கம்போல நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

“எங்கேக்கா கிளம்பிட்டீங்க?”

“உனக்குத் தெரியாதா? தோட்டத்துக்குத்தான்.”

“அங்கே வெடிகாய்...”

“அது இருக்கறது உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும்.” முள் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. “நல்லவதான் நீ. மிரட்டலை, பொய் சொல்லலை. ஆனா என் புள்ளைங்க வயிறு காஞ்சு கிடக்கே, அதுக்கு என்ன சொல்றே?”

மரகதத்தின் பெரிய காதுகள் இரண்டும் தொங்கிவிட்டன.

“மண்ணு இன்னும் கொஞ்ச நாளைக்கு ஈரமாத்தான் இருக்கும்” என்றாள் காத்தாயி. “தோண்டலாம். எனக்குத் தோண்டச் சலிப்பு இல்ல. தோண்டி எங்கே வைக்கிறது? அதைச் சொல்லு.”

“ஏன்க்கா திரும்பவும் அதையே வெச்சீங்க? வேற ஏதாவது வெச்சிருக்கலாமே?”

“எதை வெச்சாலும் மறந்து போகுது. இது ஒண்ணுதான் தினமும் வாயில வர்றது.”

“தினமும் வாயில வராதது, ஆனா மறக்கவே மறக்காதது, அப்படி ஒண்ணுமே இல்லையா?”

காத்தாயி கிழங்கைக் கீழே வைத்தாள். யானையைப் பார்த்தாள். மேலே கிளைகளைப் பார்த்தாள். ராஜாவின் குகை இருக்கும் பக்கம் பார்த்தாள்.

“இருக்கு” என்றாள்.

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“சொல்லியிருந்தா என் கழுத்துல தலை இருக்குமா?”

“எழுதி எங்கேயாவது...”

“ஏம்மா, உனக்குப் பைத்தியமா?”

மரகதத்தின் காது இரண்டும் நிமிர்ந்தன. பிறகு அவளுக்கே பயமாகிவிட்டது. “அக்கா, ஒண்ணு சொல்லிடறேன். இதுல ஆபத்து இருக்கு. யார் காதுலயாவது விழுந்தா நீங்க அவ்வளவுதான். தெரிஞ்சுக்கிட்டுச் செய்யணும். வேண்டாம்னா விட்டுடலாம்.”

“தோட்டத்துல மட்டும் ஆபத்து இல்லையா? தள்ளு.”

“என்கிட்டயும் சொல்லாதீங்க. கதவுகிட்ட மட்டும்.” மரகதம் இரண்டு காதையும் மடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

காத்தாயி ஓட்டையில் வாயை வைத்தாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். போகப் போகச் சூடு ஏறியது. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள். திரும்ப ஆரம்பித்தாள். குட்டிகளில் சின்னது அம்மா முதுகில் முள் எல்லாம் எழுந்து நிற்பதைப் பார்த்துத் தள்ளிப் போய் உட்கார்ந்தது. எப்போது முடியும் என்று கதவுக்கே தோன்றியிருக்க வேண்டும். முடிந்ததும் கதவு ‘பதியப்பட்டது’ என்று சொல்லவில்லை. சும்மா ‘அம்மாடி’ என்றது.

வீட்டுக்கு அனுப்பப்பட்ட மின்மினிகள் தாமாகவே திரும்பி வந்து அந்தக் கதவில் உட்கார்ந்து அத்தனையும் எரிந்தன. இந்த முறை யாரும் அவற்றோடு தனியாகப் பேசவில்லை.

“திரும்ப ஒரு தடவை சொல்லிப் பாருங்க. மறந்திருந்தா?”

காத்தாயி திரும்பச் சொன்னாள். ஒரு சொல் கூட மாறவில்லை. கதவு திறந்தது.

“எப்படிக்கா இருக்கு?”

“நெஞ்சுல கிடந்த பாறாங்கல்லை இறக்கி வெச்ச மாதிரி இருக்கு” என்றாள் காத்தாயி. தோட்டத்துப் பக்கம் போகவில்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தோண்டப் போனாள்.

அன்று மரகதம் தாயார் பெயர் கேட்கிற பழக்கத்தைக் கதவுகளை விட்டுவிடச் செய்து, எல்லாக் கதவுக்கும் மேலே ஒரு வரி எழுதி வைத்தாள்: ‘யாரிடமும் சொல்ல முடியாத, ஆனால் மறக்கவும் முடியாத ஒன்றை இங்கே சொல்லவும். மாட்டினால் பொறுப்பு உங்களுடையது. பழையதே போதும் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம்.’ இவ்வளவுதான். மிரட்டல் இல்லை, பொய் இல்லை, மறைவு இல்லை.

படித்தவர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மான் மெதுவாகப் போய் வாயை வைத்தது. போன வருஷம் அதன் மூத்த மகனை ராஜா தன் பிறந்தநாள் விருந்துக்கு அழைத்திருந்தார்; விருந்தில் பையன் தட்டில் இருந்தான். மான் வாயை எடுக்கவே இல்லை. வரிசை நீண்டுகொண்டே போனது.

“எக்கா, சுருக்கமா சொல்லேன்! நாங்களும் நிக்கிறோம்ல?”

“என்னைவிட உனக்கு அவசரமா?”

“அவசரம் இல்லக்கா, நெஞ்சு முட்டிக்கிட்டு நிக்குது!”

ஒவ்வொருவராக வந்தார்கள். என்ன சொன்னார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவரவர் வயிற்றெரிச்சல் அவரவர் சொத்து. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. பன்றியினுடையது அதன் சேற்றுக்குட்டையை ராஜா நீச்சல் குளமாக மாற்றிக்கொண்டது பற்றி. கரடியினுடையதில் பிடரி மயிர் பற்றி நிறைய வந்தது. எலியினுடையதுதான் ஆகப் பெரியது. சொல்லி முடித்தவர்களெல்லாம் குளித்துவிட்டு வந்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

எல்லாரும் போன பிறகு மலையப்பன் தயங்கித் தயங்கி வந்தார்.

“மேடம், எனக்குப் பொந்து கிடையாது. தீனியும் கிடையாது. ஆனா எனக்கும் ஒண்ணு வெச்சுக்கலாமா?”

மரகதம் ஒரு காலிப் பொந்தைக் காட்டினாள். மலையப்பன் தும்பிக்கையை ஓட்டையில் விட்டார். விழாவுக்கு விழா ராஜாவை முதுகில் ஏற்றிக்கொண்டு சுற்றியவர் அவர். ஆலமரம் வேரோடு கொஞ்சம் ஆடியது.

தாண்டவன் பழக்கதோஷத்தில் வந்தான். காத்தாயியின் கதவில் வாயை வைத்தான்.

“மகாராஜா வாழ்க.”

“மன்னிக்கவும்.”

பக்கத்துக் கதவு. மன்னிக்கவும். அதற்கடுத்த கதவு. மன்னிக்கவும். தாண்டவன் முட்டாள் இல்லை. மேலே எழுதியிருந்ததைப் படித்தான். யாரிடமும் சொல்ல முடியாதது. இந்தக் காட்டில் அப்படி என்ன இருக்க முடியும்? பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னான்:

“மகாராஜா ஒழிக!”

“மன்னிக்கவும்” என்றது கதவு. அவ்வளவு பொதுவான சொல்லை எவன் வைப்பான்? ஆனால் தும்பிக்கை ஒன்று பின்னாலிருந்து வந்து அவன் இடுப்பைச் சுற்றியது.

“என்ன சொன்னே? திரும்பச் சொல்லு.”

“அண்ணே, அது வந்து... சும்மா முயற்சி பண்ணிப் பாத்தேன்.”

“முன்னெல்லாம் உன்னைப் பிடிக்க வழியே இல்லாம இருந்துச்சு தம்பி. வாழ்கன்னு சொல்லிச் சொல்லித் திருடினே. இப்ப நீ எதைச் சொல்லிப் பாத்தாலும் ராஜதுரோகம்.” மலையப்பனுக்கு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சந்தோஷம். “போனாப் போகுது, இந்தத் தடவை விட்டேன். இந்தக் கதவுங்க பக்கம் திரும்ப வாய் வெச்சே, தூக்கிக்கிட்டுப் போய் தர்பார்ல போட்டுடுவேன்.”

தாண்டவன் அதற்குப் பிறகு அந்தக் கதவுகளின் பக்கம் வரவில்லை. ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே? மரத்தைச் சுற்றி வந்தான். மறுபக்கம் ஒரே ஒரு பெரிய பொந்து தனியாக இருந்தது. வாசலில் தோரணம் கட்டியிருந்தது. துணிந்து வாயை வைத்தான்.

“மகாராஜா வாழ்க.”

திறந்துகொண்டது.

ராஜாவின் பொந்து. உப்புக்கண்டம், வெள்ளிச் செங்கோல், மாலை, பொன்னாடை, ஆளுயரப் படம். தாண்டவன் உப்புக்கண்டத்தைத் தொடவில்லை, சைவம். நன்கொடையாக வந்த பழக்கூடைகளைக் காலி செய்தான். போகும்போது ஒரு பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு போனான். யானை பார்த்துக்கொண்டுதான் நின்றார். வாழ்க என்றல்லவா சொன்னான்? தும்பிக்கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

ராஜா மரகதத்தைக் கூப்பிட்டனுப்பினார். தர்பார் முழுக்கக் கூட்டம். காத்தாயியும் இருந்தாள்.

“காடு முழுக்க ஒரு திருட்டு இல்லை. என் பொந்துல மட்டும் தினமும் திருட்டு. ஏன்?”

“நீங்க மட்டும்தான் பழைய சொல்லையே வெச்சிருக்கீங்க, மகாராஜா.”

“மத்தவங்க எடுத்துட்டாங்களா?” பிடரி சிலிர்த்தது. “வாழ்கங்கறதை எடுத்துட்டு வேற என்ன வெச்சிருக்காங்க?”

“முழுசாத் தெரியாது, மகாராஜா. தெரியாம இருக்கறதுதான் என் வேலை.”

“சுத்தி வளைக்காதே. நீ பொய் சொல்ல மாட்டேன்னு ஊரே சொல்லுது. நேராக் கேக்கறேன், நேராச் சொல்லு. அது என்னைப் பத்தினதா, இல்லையா?”

காத்தாயியின் முள் ஒவ்வொன்றாக எழுந்தது. இல்லை என்றால் பொய். ஆமாம் என்று சொல்லி அடுத்த கேள்வி வந்தால், மரத்தைச் சுற்றிலும் தலைகள் உருளும். குட்டிகளுக்கு இந்தக் கோடைக்கு மட்டுமில்லை, எந்தக் கோடைக்கும் அம்மா இருக்க மாட்டாள்.

மரகதம் ஓரடி முன்னால் வந்தாள்.

“உங்களைப் பத்தினதுதான், மகாராஜா. நான் காதை மடிச்சுக்கிட்டேன், ஆனா என் காது பெரிசு. உங்க பேர் வராத பொந்து ஒண்ணுகூட இல்லை. எல்லாரும் மனசுல இருந்து சொன்னாங்க. சில பேர் அழுதே சொன்னாங்க. சும்மா வாழ்கங்கறதோட அவங்களால நிறுத்த முடியலை.”

ஒரு சொல் பொய் இல்லை. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜாவின் பிடரி மெதுவாக அடங்கியது. கண் ஓரம் பளபளத்தது. “அழுதாங்களா?” என்றார்.

“மான் ரொம்ப அழுதாங்க.”

“பாத்தியாய்யா” என்றார் மந்திரியிடம். “நேர்ல சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு கதவுகிட்ட போய்ச் சொல்லியிருக்காங்க.”

மந்திரி சிரித்தது. இந்த முறை அதற்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. அதற்கும் அந்த மரத்தில் ஒரு பொந்து உண்டு.

“மகாராஜாவும் அந்த மாதிரி ஒண்ணு வெச்சுக்கலாமே” என்றாள் மரகதம். “யார்கிட்டயும் சொல்ல முடியாதது.”

“எனக்கு அப்படி எதுவும் கிடையாது. நான் நினைக்கறதையெல்லாம் சொல்லிடுவேன். எனக்கு அதே வாழ்க இருக்கட்டும்.”

“உங்க இஷ்டம்” என்றாள் மரகதம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், விதி.

“ஆனா சொல்லு. இவங்க பாஸ்வேர்டெல்லாம் இன்னும் பலமாகணும்னா நான் என்ன செய்யணும்?”

மரகதம் சொன்னாள்: “இப்ப என்ன செய்யறீங்களோ அதையே செய்யுங்க, மகாராஜா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

ராஜா செய்தார். பிறந்தநாள் விழாவுக்கு எல்லாரையும் காலையிலிருந்து வெயிலில் நிற்க வைத்துவிட்டுச் சாயங்காலம்தான் வந்தார். மறுநாள் ஆலமரத்தடியில் பெரிய வரிசை. எல்லாரும் கடவுச்சொல்லை நீட்டிக்கொள்ள வந்திருந்தார்கள். ராஜா ஆற்றுக்குக் குறுக்கே தனக்கு ஒரு சிலை வைத்தார். தண்ணீர் நின்றது. மறுபடியும் வரிசை. நினைவுபடுத்த வேண்டியதில்லை, பலகை வேண்டியதில்லை. தாமாகவே வந்தார்கள். அந்த ஆலமரத்தை உடைத்துத் திறக்க இனி உலகத்தில் ஆளே இல்லை என்று கதவே ஒருநாள் சொன்னது.

கோடை வந்தது. மண் பாறையானது. காத்தாயி தினமும் காலையில் போய் ஓட்டையில் வாயை வைத்து, ஆசை தீரச் சொல்லி, கிழங்கை எடுத்துக்கொண்டு வருவாள். குட்டிகள் கொழுத்தன. தோட்டத்துப் பக்கம் யாரும் போகவில்லை.

மரகதத்துக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆலமரத்தடியில் ராஜா ஒரு கல்வெட்டு நட்டார். காட்டின் கதவுகளைப் பலப்படுத்தியவர் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். எல்லாரும் வந்து படித்தார்கள். ஒருவர் கூட மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த ராஜா காலத்தில் கல்லில் எழுதிய உண்மை அது ஒன்றுதான்.

நீதி: கடவுச்சொல் பலமாக இருக்க வேண்டுமென்றால் படித்த முயலைத் தேடி அலையாதீர்கள், மோசமான ராஜா ஒருவர் போதும். அந்தக் காட்டில் எல்லாவற்றையும் சரிசெய்தவர் கர்ஜனைச் செம்மல் உக்கிரசேனர்.